தந்தையின் கையால் தாய்நாட்டுக்கு ஒரு டகோட்டா!

அப்பா ஓட்டிய சைக்கிளை விற்க மனம் வராமல் திண்ணையில் சார்த்தி வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அப்பா ஓட்டியது போர் விமானமாக இருந்தால்?

விமானி ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் தேதி, விமானத்தின் ரகம், அதன் எண், பறந்த நேரம் ஆகியவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். தேடப் புறப்படும் பிள்ளைக்கு அந்த எண்தான் துப்பு. ஆனால் வயதான விமானங்களில் பெரும்பாலானவை உடைக்கப்பட்டு எடைக்குப் போய்விடுகின்றன. தப்பிய சில, காட்சிச் சாலைகளில் நிற்கின்றன.

ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் இந்திய விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர், கர்நாடகத்திலிருந்து 2006 முதல் 2024 வரை ராஜ்யசபை உறுப்பினராக இருந்தவர். தந்தை ஓட்டிய ரக விமானம் ஒன்றை மீண்டும் பறக்க வைக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

காஷ்மீரைக் காத்த விமானம்

டகோட்டா சாதாரண விமானமல்ல. 1947 அக்டோபர் 27-ல் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டு போய் இறக்கியது அதுதான். 1948 மே மாதம் லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக இறங்கியதும் அதுவே. பெங்களூர் வாசிகளுக்கும் அது அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இங்குள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் டகோட்டாக்கள் பழுது பார்க்கப்பட்டன.

தேடலும் காத்திருப்பும்

1944-ல் தயாரான டகோட்டா ஒன்றை மகன் 2011-ல் வாங்கினார். அப்போது அது பறக்கும் நிலையில் இல்லை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் பழுது பார்க்கும் வேலை நடந்தது. அதை நன்கொடையாகத் தர முன்வந்தபோது அரசு முதலில் ஏற்கவில்லை. மனோகர் பரிக்கர் பாதுகாப்பு அமைச்சரான பிறகே வழி பிறந்தது.

ஸ்ரீநகர் நடவடிக்கையின் நினைவாக வி.பி.905 என்ற எண் அதன் வாலில் எழுதப்பட்டது. "பரசுராமா" என்று பெயரும் சூட்டப்பட்டது.

2018 பிப்ரவரியில் டில்லியில் நடந்த நிகழ்ச்சியில் நன்கொடைப் பத்திரத்தை விமானப் படைத் தளபதி தனோவாவிடம் ஒப்படைத்தவர் மகன் அல்ல, தந்தை!

ஏப்ரல் 17-ல் கோவென்ட்ரியிலிருந்து கிளம்பிய விமானம், வழிநெடுக இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ல் ஹிண்டன் தளத்தில் விமானப் படையில் சேர்ந்தது. 2021 குடியரசு தின அணிவகுப்பில், இரு பக்கமும் ஹெலிகாப்டர்கள் துணைவர டில்லி வானில் பறந்தது.

தந்தை ஓட்டிய அதே விமானம் அல்ல இது. ஆனாலும் அவர் கேட்டுப் பழகிய அதே எஞ்சின் ஓசை, எடைக்குப் போகாமல் தப்பிவிட்டது.