பதினாறு வயதின் சுதந்திரம்

குற்றம் செய்தவன் தானாகத் தீர்மானித்துத்தான் செய்தானா? தத்துவவாதிகள் 2,500 ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்விக்கு மூன்றே மாதத்தில் விடை கேட்கிறது இந்தியச் சட்டம்.

மேஜைக்கு ஒரு பக்கம் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். எதிரே கொலைப் புகாருக்கு ஆளான 16 வயதுச் சிறுவன். கொலையை அவன் செய்தானா என்பதல்ல இங்கே விவகாரம். அதைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்தனவா? விளைவு புரிந்ததா? எந்தச் சூழ்நிலையில் நடந்தது? இவற்றை எடைபோட்டு, அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று சிறார் நீதி வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி பழையது. புத்தர் காலத்தவரான மக்கலி கோசாலர், எல்லாம் நியதிப்படியே நடக்கிறது, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார். மணிமேகலையிலும் நீலகேசியிலும் வரும் ஆஜீவகர்கள் அவர் வழிவந்தவர்கள். புத்தர் இதைக் கடுமையாக எதிர்த்தார். செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமே வினை என்பது அவர் கட்சி. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் நுட்பமாக ஒரு கோடு போட்டார்: குழந்தைகளும் தாமாகவே செயல்படுகிறார்கள், ஆனால் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது வேறு, அது அவர்களிடம் இல்லை.

சட்டமும் அந்தக் கோட்டின் மீதுதான் நடக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமல்ல. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் போதிய புரிதல் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவும் இதை மாற்றவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் சிறார்.

சில மாத வித்தியாசம்

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த பலாத்காரக் கொலை இந்தக் கணக்கைக் குலைத்தது. பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 நிரம்பச் சில மாதங்கள் பாக்கி. மூன்றாண்டு சீர்திருத்த இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்தான். நான்கு பேர் 2020 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார்கள். நாடே கொதித்ததில் நியாயம் இருந்தது. அவன் வெளியே வந்த சில நாட்களுக்குள் புதிய சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமானால், 16 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு இந்த மதிப்பீடு உண்டு.

இங்கேதான் இடறுகிறது. கோரமான குற்றம் செய்தவன் சுதந்திரமாக முடிவெடுத்திருப்பான் என்று எப்படிச் சொல்வது? குற்றத்தின் கொடுமை வேறு, செய்தவனின் பக்குவம் வேறு. தவிர, குற்றம் நிரூபணமாகும் முன்பே மதிப்பீடு முடிந்துவிடுகிறது. ‘கொன்றால் ஜெயில்’ என்று 16 வயதில் எவனுக்கும் தெரியும். ஆத்திரம் தலைக்கேறும்போதும், நண்பர்கள் தூண்டிவிடும்போதும் தன்னைத் தடுத்து நிறுத்தத் தெரியுமா என்பதே சங்கதி. அதற்கான மூளைப்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்கிறது நரம்பியல். இது இலேசான வேலையல்ல என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொன்னது. வாரியத்தில் குழந்தை மனநல நிபுணர் இல்லாவிட்டால் வெளி நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெறவேண்டும் என்றது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. பெரியவர்களைப் போல விசாரித்துத் தண்டித்தாலும், 21 வயதுவரை பெரியவர்கள் சிறைக்கு அனுப்பக்கூடாது. 21 ஆனதும் அவன் திருந்திவிட்டானா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும், திருந்தியிருந்தால் விடுவிக்கலாம். விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையோ தூக்கோ கிடையாது.

முதல் கேள்வி பின்னோக்கிப் பார்க்கிறது: அன்று இவன் வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? அதற்கு யாரும் சத்தியம் செய்ய முடியாது. இரண்டாவது கேள்வி முன்னோக்கிப் பார்க்கிறது: இனி வேறு மாதிரி நடப்பானா? அதற்காவது சாட்சியம் உண்டு. கூடவே ஐந்தாண்டு அவகாசமும்.