சந்தடி அடங்கிய தீவுகள்

கிரேக்கத் தீவுகளுக்குச் சிறு கப்பலில் அழைத்துப்போகிறவர்கள் அச்சடித்துத் தரும் மடிப்பிதழ்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: இங்கே காலம் உறைந்து நிற்கிறது. வருகிற செப்டம்பரில் நானும் அப்படியொரு கப்பலில் ஏறப்போகிறேன். ரோட்ஸில் ஏறி, சிமி, திலோஸ், கலிம்னோஸ், லெரோஸ் என்று வடக்கே போய், தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் பத்மு என்று தெரிந்த பட்மோஸையும் பார்த்துவிட்டு, கோஸ் தீவில் இறங்குவதாகத் திட்டம். சாண்டோரினி கிடையாது, மிக்கோனோஸ் கிடையாது. கூட்டமில்லாத தீவுகளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்த மடிப்பிதழ் வாக்கியத்தின் மேல் எரிச்சல்தான் வளர்கிறது. இங்கே காலம் உறையவே இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இவை ஆள் நெரிசலும் வியாபாரக் கூச்சலுமாக இருந்த ஊர்கள். இன்றைய அமைதி, ஆட்கள் கிளம்பிப் போனதால் வந்த அமைதி.

சிமியையே எடுத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையைச் சுற்றி மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். காவி, மஞ்சள், வெளிர்நீலம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பழைய கோயில் முகப்பைப் போல ஒரு முக்கோணம். இது வெறும் பாறைத் தீவு. உழுது பிழைக்க நிலம் இல்லை, தண்ணீரும் போதாது. பிறகு இவ்வளவு பணக்கார வீடுகளை யார் கட்டினார்கள்? கடற்பஞ்சு வியாபாரிகளும் மரக்கப்பல் கட்டியவர்களும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் துண்டுத் தீவில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று 2,600 பேர் தேறினால் அதிகம். துறையிலிருந்து மேல் ஊருக்கு ஏறும் ஏறத்தாழ 500 கற்படிகளை ஒட்டித்தான் பெரிய வியாபாரிகளின் மாளிகைகள் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இப்போது கூரை இல்லை. சுவருக்குள் அத்திமரம் முளைத்திருக்கிறது.

பஞ்சு எடுத்தவர்களின் கதைதான் இதில் முக்கியமானது. முதலில் அம்மணமாகத்தான் குதித்தார்கள். தட்டையான ஒரு பளிங்குக்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பாய்வார்கள். கல் கீழே இழுத்துப் போகும். மூச்சு முட்டும்போது மேலே இருப்பவர் கயிற்றை இழுப்பார். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் கல்லின் கனத்தில்தான் இறங்கினார்கள் என்பதால் நமக்கு இது புரியாத வித்தை இல்லை. 1913-இல் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று கார்பத்தோஸ் தீவருகே நங்கூரத்தைத் தொலைத்தபோது, சிமித் தீவின் ஸ்தாத்திஸ் ஹாட்சிஸ் அதே கல்லோடு 70 மீட்டருக்கும் கீழே போய் அதற்குக் கயிறு கட்டிவிட்டு வந்தார். கப்பல் மருத்துவர் முன்கூட்டியே பரிசோதித்தபோது அவருடைய செவிப்பறை கிழிந்திருந்தது, நுரையீரலும் சரியில்லை. மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டுக்காரர்கள் இன்றும் அவரைத்தான் தங்கள் முன்னோடி என்கிறார்கள்.

1860-களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட மூழ்கு உடை வந்தது. மூச்சுப் பற்றிய கவலை இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கீழே நடந்து பஞ்சைப் பறிக்கலாம். வியாபாரிகளுக்குக் கொள்ளை லாபம். கீழே போனவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியாது: ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழிவிடும்; குமிழி முதுகுத்தண்டில் அடைத்தால் கால் போய்விடும். பிரான்ஸின் பால் பெர் 1878-இல் காரணத்தைச் சொன்னார். படிப்படியாக நின்று நின்று மேலே வரவேண்டும் என்ற கணக்கைப் பிரிட்டிஷ் உடலியலாளர் ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். அதற்குள் ஏஜியன் தீவுகளில் ஊன்றுகோல் பிடித்த இளைஞர்கள் நிறைந்துவிட்டார்கள். 1900-இல் புயலுக்கு ஒதுங்கிய சிமிப் படகுக்காரர்கள் ஆண்டிகித்தெரா தீவருகே மூழ்கிப் பார்த்துத்தான் பழைய கப்பலின் வெண்கலச் சிலைகளைக் கண்டுபிடித்தார்கள். உலகப் புகழ் பெற்ற பல்சக்கரக் கணிப்பொறி அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான். சிலைகளை எடுக்கும் வேலையில் ஒருவர் செத்தார், இருவருக்குக் கை கால் விழுந்தது. அருங்காட்சியகத்தில் அந்தச் சக்கரங்களைப் பார்க்கிறவர்கள் இவர்களைப் பற்றியும் இரண்டு நிமிஷம் படிக்கவேண்டும்.

கலிம்னோஸ் இதே தொழிலில் இன்னும் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. ஈஸ்டர் முடிந்ததும் படகுகள் லிபியா, எகிப்துக் கரைகளுக்குப் போகும். இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். கிளம்புமுன் முதலாளி முன்பணம் கொடுப்பார். உயிரோடு திரும்புவது உறுதியில்லை என்பதால் பாதிப் பணம் கரையிலேயே குடியிலும் கொண்டாட்டத்திலும் கரைந்துவிடும். அந்த ஊரில் ஓர் ஆட்டம் இருக்கிறது. வரிசையாகக் கைகோத்து ஆடுவார்கள். முன்னால் ஆடுகிறவர் கையில் மட்டும் ஒரு தடி. இசை ஓட ஓட அவருடைய தொடை நடுங்க ஆரம்பிக்கும், முழங்கால் மடங்கும், தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வைப்பார். பின்னால் இருப்பவர்கள் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். வாதம் அடித்த மூழ்காளியின் ஆட்டம் அது. காணொளியில்தான் பார்த்திருக்கிறேன்; அதுவே இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

1986-இல் கடற்பஞ்சுக்கு ஒரு நோய் வந்து கிழக்கு மத்தியதரைக் கடல் முழுக்கப் பஞ்சு பெருமளவு அழிந்தது. செயற்கைப் பஞ்சு ஏற்கெனவே சந்தையைப் பிடித்திருந்தது. பத்து வருஷம் கழித்து, 1996-இல், ஓர் இத்தாலிய மலையேறி விடுமுறைக்கு வந்து, ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர்களை அண்ணாந்து பார்த்தார். மறுவருஷமே திரும்பி வந்து ஆணி அடித்தார். இன்று அங்கே 3,000-க்கும் மேற்பட்ட ஏறுதடங்கள். மற்ற தீவுகள் கடையைச் சாத்தும் அக்டோபரில் கலிம்னோஸில் அறை கிடைப்பது கஷ்டம். ஆழத்தில் பிழைத்த ஊர் உயரத்தில் பிழைக்கிறது. துறைமுகக் கடைகளில் பஞ்சு இப்போதும் மலைபோல் குவிந்திருக்கும். பெரும்பகுதி வேறு நாட்டுக் கடல்களிலிருந்து வந்தது.

வேலை போன இடத்தில் மனிதர்கள் இருப்பார்களா? கலிம்னோஸ், சிமி, ஹால்கி தீவுக்காரர்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டார்பன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே பஞ்சு எடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஹால்கியில் போட்ட சாலைக்கு அந்த அமெரிக்க ஊரின் பெயர்தான். திலோஸில் மிக்ரோ ஹோரியோ என்ற மலைக்கிராமம் 1960-களில் முற்றிலும் காலியானது. கீழே துறைமுகப் பக்கம் குடிபோனவர்கள் கூரை மரங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இப்போது அந்த இடிபாடுகளுக்கு நடுவே கோடையில் இரவு மட்டும் திறக்கும் ஒரு மதுக்கடை இருக்கிறது. அதை நடத்துகிறவர் கூரையில்லாத வீடுகளுக்குள் விளக்குப் போட்டிருக்கிறார். கீழேயிருந்து பார்த்தால் ஊரில் ஆள் இருப்பது போலத் தெரியுமாம். அதே திலோஸ்தான் காற்றாலை, சூரியத் தகடு, மின்கலன் மூன்றையும் இணைத்துத் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கிறது. இதைக் காலம் உறைந்த தீவு என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ!

லெரோஸைப் பற்றி மடிப்பிதழ் ‘அழகிய ஆழ்துறைமுகம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 1912 முதல் இந்தத் தீவுகளை ஆண்ட இத்தாலியர்கள் 1930-களில் அங்கே கடற்படைத் தளமும், வளைந்த முகப்புகளோடு ஒரு புது நகரமும் கட்டினார்கள். 1943-இல் அங்கே கடும் சண்டை நடந்தது. தீவு 1947-இல் கிரேக்கத்தோடு சேர்ந்த பிறகு, காலியான படைக்கொட்டடிகளில் மனநோயாளிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் அரசியல் கைதிகளை. 1989-இல் நோயாளிகளின் நிலையைக் காட்டும் படங்கள் வெளியாகி ஐரோப்பாவே கூசியது. 2015-இல் துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகுகளில் அகதிகள் வந்ததும் இந்தத் தீவுகளுக்குத்தான். இன்று துருக்கியச் சுற்றுலாப் பயணிகள் அதே நீரிணையைத் தாண்டி, கரையிலேயே குறுகிய கால விசா வாங்கிக்கொண்டு சாப்பிட வருகிறார்கள்.

வேடிக்கை பார்க்க வரும் கப்பல்களும் மாறிவிட்டன. 1954-இல் ஸ்வான் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மியாவுலிஸ் என்ற கிரேக்கக் கப்பலை வாடகைக்கு எடுத்து, பேராசிரியர்களைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு பழைய ஊர்களைக் காட்டப் புறப்பட்டது. அந்தப் பயணங்களில் பேசியவர்களில் மார்ட்டிமர் வீலரும் ஒருவர். 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியவர்தான். அங்கே கிடைத்த இரட்டைக் கைப்பிடி மதுச்சாடி உடைசல்களில் கோஸ் தீவு வகை கணிசமாக இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது அந்தக்கால வழக்கம். புறநானூற்றில் நக்கீரர் சொல்லும் யவனர் மதுவில் உப்புக் கரித்ததா என்று தெரியவில்லை. கோஸில் இறங்கியதும் முதலில் அந்தச் சாடிகளைத்தான் தேடப்போகிறேன்.

இன்றைய பெருங்கப்பல் ஒன்றில் மூவாயிரம், நாலாயிரம் பேர். சாண்டோரினியில் ஒரு நாளைக்குக் கப்பல் பயணிகள் 8,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைக்கவேண்டிய நிலை. 2025 ஜூலையிலிருந்து கோடை மாதங்களில் அங்கேயும் மிக்கோனோஸிலும் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ வரி. மற்ற தீவுகளில் 5 யூரோ. ஐம்பது பேருக்குள் ஏற்றும் சிறு கப்பல் சிமித் துறைக்குள்ளேயே போய்ப் பின்பக்கத்தைக் கரையில் அணைத்துக் கட்டிக்கொள்ளும். இரவும் அங்கேயே தங்கும். அதுதான் அதன் பெரிய வசதி. ரோட்ஸிலிருந்து பகலில் வரும் படகுக் கூட்டம் பிற்பகலில் திரும்பிவிடும். பிறகு ஊர் ஊர்க்காரர்களுடையது.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனைகள். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று சுழற்றி அடிக்கும். சிறு கப்பல் தாங்காது, வயிறும் தாங்காது. மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே முயலுங்கள். கலிம்னோஸில் பஞ்சு வாங்கினால் எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். கப்பல் சீட்டு எடுக்கும்போது மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலிலேயே என்ற திட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் ஊர்க்காரர்களில் பலர் குளிர்காலம் முழுக்க அந்தச் சில மாத வருமானத்தில்தான் ஓட்டவேண்டும்.