துவர்க்கும் ஆப்பிளின் மது

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மதுவைப் பிரான்சில் சித்ர் என்பார்கள். பழக்கடையில் பளபளக்கும் ஆப்பிளிலிருந்து நல்ல சித்ர் கிடைப்பது அரிது. நார்மண்டியிலும் பிரெத்தாஞ் பகுதியிலும் இதற்கென்றே வளர்க்கும் பழங்கள் சிறியவை. அவற்றில் பலவற்றைக் கடித்தவுடன் வாய் துவர்த்துச் சுருங்கும். தோட்டக்காரர்கள் அவற்றை இனிப்பு, கசப்பினிப்பு, கசப்பு, புளிப்பு என நான்காகப் பிரித்துக் கலக்கிறார்கள். மதுவின் வாசனையும் கனமும் இந்தக் கலவையில்தான் பாதி தீர்மானமாகிவிடுகின்றன. கசப்பு வகையின் துவர்ப்புப் பொருளான டானின் குறைந்தால், குடித்த மறுகணமே சுவை மறைந்துவிடும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை அறுவடை. பழங்களைச் சில வாரம் கனியவிட்டு, துருவி, சில மணி நேரம் காற்றுப்பட வைத்துப் பிழிகிறார்கள். அடுத்து நடப்பதே இந்தத் தொழிலின் அற்புதம். குளிரில் கிடக்கும் சாற்றில் பழத்தின் பெக்டின் கூழாகத் திரண்டு மேலே மிதந்து வரும். இதைப் ‘பழுப்புத் தொப்பி’ என்கிறார்கள். ஈஸ்டுக்குத் தேவையான சத்துகளில் கணிசமான பகுதியை அது தன்னோடு இழுத்துக்கொள்கிறது. கீழே நிற்கும் தெளிந்த சாற்றை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றுகிறார்கள். பனங்கள்ளைப் போலவே பழத்திலும் கலத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்டே இதைப் புளிக்கவைக்கிறது. ஆனால் சத்துக் குறைவால் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. சர்க்கரை முழுதும் தீரும் முன் புட்டியில் அடைப்பதால், எஞ்சியதில் ஒரு பகுதி உள்ளேயே புளித்து நுண்குமிழிகளாகிறது. மீதி பழத்தின் இனிப்பாகவே தங்கிவிடும். வெளியிலிருந்து சர்க்கரையோ வாயுவோ வேண்டியதில்லை.

நார்மண்டியின் பெய் தோஜ், பிரெத்தாஞ்சின் கோர்னுவாய் ஆகிய இரு பகுதிச் சித்ர்களுக்கும் 1996 முதல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. பாரிஸின் ஆர்பேஜ் உணவகத்தில் ஒயின் பரிமாறும் நிபுணராக இருந்த எரிக் போர்தலே, 1990களில் மாயென் பகுதிக்குத் திரும்பித் தன் குடும்பத் தோட்டத்துச் சித்ரை ஒயினுக்குரிய கவனத்தோடு செய்யத் தொடங்கினார். சிறு தோட்டச் சித்ரைப் பெரிய உணவகங்கள் மதிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சுவைக்கும்போது மரபான மண்கிண்ணத்தைவிட ஒயின் கண்ணாடிக் கோப்பையே நல்லது. கிண்ணம் நிறத்தையும் குமிழியையும் மறைத்துவிடும். 8 முதல் 12 டிகிரி குளிர்ச்சி போதும், அதற்கும் குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். சர்க்கரை குறைந்த ‘ப்ரூட்’டில் தொடங்கி, இடைப்பட்ட இனிப்புள்ள ‘தெமி-செக்’, பிறகு மிக இனிப்பான, 3 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இல்லாத ‘டூ’ என்று போக வேண்டும். வரிசை மாறினால் இனிப்புக்குப் பின் ப்ரூட் வெறும் புளிப்பாகத் தோன்றும். மூக்கில் சுட்ட ஆப்பிளும் தேனும் வரும். பண்ணைச் சித்ரில் பதனிட்ட தோலின் வாடையோ தொழுவ வாடையோ லேசாக எழுவது குறையல்ல. வினிகர் நெடி தூக்கினால் புட்டி கெட்டுவிட்டது. விழுங்கியபின் ஈறுகளில் நிற்கும் துவர்ப்பைக் கவனிக்க வேண்டும். அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் தோட்டக்காரரின் கலவைத் திறன் தெரிந்துவிடும்.

பாரிஸில் சித்ரை உணவோடு சுவைக்க, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியிலிருந்தே கிளம்பலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கார் து நோர் ரயில் நிலையம். அங்கே 4ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் நேராக மோன்பர்னாஸ். பிரெத்தாஞ் ரயில்கள் வந்து சேரும் அந்த நிலையத்தைச் சுற்றிக் குடியேறிய பிரெத்தோன் மக்களின் கிரெப் கடைகள் இன்றும் நிறைந்திருக்கின்றன. அங்கே கிடைக்கும் கருங்கோதுமை அப்பமான கலெத்தோடு ப்ரூட் அருமையாகப் பொருந்தும். லா சப்பல் கடைகளின் கொத்து ரொட்டிக்கும் மட்டன் ரோல்ஸுக்கும் அது சரிவராது: காரத்தோடு துவர்ப்பும் குமிழியும் சேர்ந்தால் நாக்கு எரியும். எரிவை இனிப்பு தணிக்கும் என்பதால், அவற்றோடு தெமி-செக் அல்லது டூ எடுப்பதே சரி.