ஆச்சிக்கு ஏன் மறக்கிறது?

கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? முகப்பு ஒரு தெருவில். பின்கட்டு அடுத்த தெருவில்! நடுவே வானம் பார்த்த முற்றம். நாற்புறத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை அங்கேதான் கொட்டும். ஆனாலும் தாழ்வாரத்தில் தண்ணீர் ஏறாது. முற்றத்துத் தூம்பு அத்தனையையும் வாங்கி வெளியே அனுப்பிவிடும். அந்தத் தூம்பை நாலு மழைக்காலம் கவனியாமல் விட்டால் தேக்குத் தூணின் கதி என்ன ஆகும் என்பதை அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளே சொல்லும்.

மனித மூளைக்கும் இப்படி ஒரு தூம்பு உண்டு. அது அடைபட்டால் வருகிற வியாதிகளில் ஒன்றுதான் அல்ஸைமர் என்னும் மறதி நோய்.

ஓர் ஆச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபது வருஷத்துக்கு முன் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சாமான் எத்தனை, வெள்ளி எத்தனை என்று கணக்குப் பிசகாமல் ஒப்பிக்கிறார். ஆனால், காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லை! "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று அண்டை வீட்டில் சொல்லியும் விடுகிறார். மருமகளுக்கு எப்படி இருக்கும்? "பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் மறந்துபோகுமா? வேண்டுமென்றே செய்கிறார்" என்று தோன்றத்தானே செய்யும்!

வேண்டுமென்று செய்வதல்ல, சகோதரிகளே. புதிய சம்பவங்களைப் பதிவு செய்ய மூளைக்குள் கடற்குதிரை வடிவில் ஒரு பகுதி உண்டு. இந்த வியாதி பெரும்பாலும் கைவைப்பது முதலில் அதன்மேல்தான். பழைய நினைவுகள் வேறு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. இட்லி சாப்பிட்டது ஆச்சிக்கு மறக்கவில்லை. அது பதிவாகவே இல்லை!

1901-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு அகஸ்டே டீட்டர் என்ற 51 வயது மாது வந்தாள். கணவன் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னாள். 1906-ல் அவள் இறந்தபின் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் அவள் மூளையைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். செல்களுக்கு வெளியே கசடுத் திட்டுகள். செல்களுக்குள்ளே சிக்கு விழுந்த நூல்கண்டு போன்ற முடிச்சுகள்.

வெளியே இருப்பது அமிலாய்ட் பீட்டா என்னும் புரதத் துணுக்கு. இது உங்கள் மூளையிலும் என் மூளையிலும் தினமும் உண்டாகிறது, தினமும் வெளியேறுகிறது. வெளியேறுவது குறைந்தால் திரண்டு படிகிறது. உள்ளே இருப்பது டௌ என்ற புரதம். செல்லுக்குள் சரக்குப் போகும் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை அது. அது கழன்று முடிச்சானால் சரக்கு நிற்கிறது. செல் பட்டினியில் சாகிறது. மூளையின் துப்புரவு வேலைக்கு மைக்ரோக்ளியா என்று தனிச் செல்கள் உண்டு. குப்பை மிஞ்சினால் அவற்றுக்கு வெறி பிடித்துவிடும். குப்பையோடு நல்ல பாத்திரத்தையும் வாரி எறிவதுபோல, நரம்புகளின் இணைப்புகளையே பிய்த்துத் தின்றுவிடும். தோலாக இருந்தால் புதிது முளைக்கும். மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று கிடையாது.

இந்தத் தூம்பை ஆராய்ந்தவர்களில் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் ஒருவர். மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி நடத்தியவர். பிறகு பெங்களூருக்கு வந்தார். நம் பாட்டிமார் அறிந்த அமுக்கராக் கிழங்கின் சாற்றை, நோய் கண்ட எலிகளுக்கு அவருடைய குழு 30 நாள் கொடுத்தது. மூளையில் கசடு குறைந்தது; வழி மறந்த எலிகள் வழி கண்டுபிடித்தன. வேடிக்கை என்னவென்றால், மருந்து வேலை செய்தது மூளையில் அல்ல, கல்லீரலில்! அங்கே எல்.ஆர்.பி. என்ற புரதம் பெருகி, ரத்தத்திலிருந்த அமிலாய்டை இழுத்துக்கொண்டது. ரத்தம் காலியாகவே, மூளையிலிருந்து கசடு இறங்கி வந்தது. 2012-ல் வெளியான முடிவு இது.

உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பிவிடாதீர்கள்! எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்ததும் உண்டு. அமிலாய்டை அகற்றும் ஊசி மருந்துகளுக்கு அமெரிக்கா 2023-லும் 2024-லும் முழு அனுமதி தந்தது. அவையும் நோயின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கின்றனவே தவிர, போன ஞாபகத்தைத் திருப்பித் தருவதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாகின்றன.

2023-ல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய்கள்; ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2024-ல் லான்செட் குழு கூறியது. காது மந்தத்தை நாம் கேலிப் பொருளாக்கியிருக்கிறோம். கருவி வாங்கிக் கொடுப்பது அபூர்வம்.

மறதி கண்டவுடன் அல்ஸைமர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். முதலில் டாக்டரிடம் தைராய்டையும் பி-12 சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா, சாப்பிடும் தூக்க மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். இவற்றால் வந்த மறதியாக இருந்தால், தக்க சிகிச்சையில் பலருக்குக் குணம் தெரியும்.