மூழ்குவோரும் கரையில் நிற்கும் வண்டியும்

களவு என்னும் சொல்லைக் கண்ட மாத்திரத்தில் நம் தமிழ் வகுப்பு நண்பர்கள் தொல்காப்பியக் களவியலையும் இறையனாரையும் நினைந்து உள்ளம் மகிழ்தல் கூடும். அவர்களைத் தொடக்கத்திலேயே ஏமாற்றிவிடுதல் நலம். ஈண்டு யான் கூறப் புகுந்தது தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் எதிர்ப்பட்ட களவன்று. ஒருவன் கடலுள் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து, அவன் கரையில் நிறுத்திய மோட்டார் வண்டியை மற்றொருவன் ஓட்டிச் செல்லும் களவேயாம். இத்தகைய பொருளைப் பற்றி எழுதுதற்கு இம்மலரில் இடமுண்டோ என ஐயுறுவோர், என் சிறிய தந்தையார்க்கு நேர்ந்ததைப் படித்தபின் முடிவு செய்க.

கரீபியன் கடலின் தென்பாகத்தில், வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், பொனேர் என்றொரு தீவு உளது. பரப்பு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டரே. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முதல் அது நெதர்லாந்து நாட்டின் தனி நகராட்சியாக ஆளப்பெற்று வருகின்றது. ஆயினும் 2011 முதல் ஆங்கு வழங்கும் நாணயம் அமெரிக்க டாலர். மக்கள் தம்முள் பேசுவது பாப்பியமெந்து மொழி. மழை குறைவு; கள்ளியும் முள்ளும் மிகுதி; காட்டுக் கழுதைகள் சாலையில் நின்று வண்டிகளை மறிக்கும். தென்கோடியில் உப்பளங்கள் இளஞ்சிவப்பு நிறம் பூண்டு கிடக்கின்றன. அவற்றின் அருகே, 1850-இல் அடிமைகள் படுத்துறங்கக் கட்டப்பெற்ற சிறு கற்குடில்கள் இன்றும் நிற்கின்றன. ஆள் நிமிர்ந்து நிற்க இயலாத அக்குடில்களில் அவர்கள் 1863-இல் விடுதலை பெறும்வரை தங்கினர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

இத்தீவின் பெருஞ்சிறப்பு கரைக்கு மிக அண்மையிலேயே பவளப்பாறை தொடங்குதலாம். 1979-இல் தீவைச் சூழ்ந்த கடல் முழுவதும், 60 மீட்டர் ஆழம் வரை, காப்புக் கடலாக ஆக்கப்பட்டது. பிறவிடங்களில் பாறையைக் காண விழைவோர் படகேறிச் செல்லல் வேண்டும். பொனேரிலோ வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டியை அமர்த்தி, அதன் பின்தட்டில் காற்றுச் சிலிண்டர்களை அடுக்கி, மேற்குக் கரைச் சாலையில் ஓட்டிச் சென்றாற் போதும். மூழ்குதற்குரிய இடந்தோறும் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லொன்று பெயர் தாங்கி நிற்கும். கல்லைக் கண்டவுடன் வண்டியை நிறுத்தி, உடை மாற்றி, நடந்தே கடலுள் இறங்கலாம். குஸ்தோவும் காஞானும் 1943-இல் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் கருவியை ஆக்கியபோது, மனிதர் இத்துணை எளிதாக அதனைக் கையாள்வர் எனக் கருதியிருப்பரோ, அறியேன்.

ஆனால் அந்த மஞ்சட்கல் மூழ்குவோனுக்கு மட்டும் வழிகாட்டுவதன்று. திருடன் நிலையில் நின்று சிறிது சிந்திப்போம். ஊருக்குள் நிற்கும் வண்டிக்கு உரியவன் எந்நேரமும் திரும்பி வரக்கூடும். கடற்கரைக் கல்லருகே நிற்கும் வண்டிக்கு உரியவனோ முக்கால் மணி, ஒரு மணி நேரம் வரை வாரான், வரவும் இயலான், கூவினாலும் கேளான். அவன் நீருள் இறங்கிய கணத்தைத் தொலைவிலிருந்தே காணலாம். அவன் வருவதற்கு முன் நீர்ப்பரப்பில் குமிழிகள் தோன்றி அறிவிக்கும்! அவன் பணப்பையையும் கைப்பேசியையும் உடன் கொண்டு செல்லமாட்டான் என்பதும் உறுதி. இவ்வளவு வசதியைத் திருடனுக்குச் செய்துகொடுக்கும் விளையாட்டு பிறிதொன்று உண்டோ?

நிற்க. என் சிறிய தந்தையார் ராட்டர்டாம் துறைமுகத்தில் பொறியாளராகப் பணியாற்றுகின்றனர். சில ஆண்டுகட்கு முன் தம்முடன் வேலை செய்யும் நண்பரொருவரோடு பொனேருக்கு ஒரு வார விடுமுறையில் சென்றனர். மூன்றாம் நாள் உப்பளத்துக்கு அண்மையிலுள்ள ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, சாவியை முன்சக்கர டயரின் மேல் வைத்துவிட்டு இறங்கினர். ஐம்பது நிமிடம் கழித்து ஏறி வந்தபொழுது மஞ்சட்கல் இருந்தது, வண்டி இல்லை. செருப்பு, சட்டை, குடிநீர், கைப்பேசி, அறைச்சாவி யாவும் வண்டியோடு போயின. நண்பகல், கருநிற ரப்பர் உடை, முதுகில் சிலிண்டர், காலடியில் கொதிக்கும் பவளக்கல். இருவரும் நெடுநேரம் நடந்தபின் அத்தீவைச் சேர்ந்த மூதாட்டியொருவர் தம் சிறு வண்டியை நிறுத்தி, இருக்கை நனையாதபடி பிளாஸ்டிக் தாளொன்றை விரித்து, அவர்களை ஊருக்குக் கொண்டு சேர்த்தனராம். இரண்டு நாளுக்குப் பின் வண்டி முட்புதரில் அகப்பட்டது. நான்கு சக்கரங்களும், ஸ்டெப்னியும், பாட்டரியும் இல்லை. சுற்றிலும் கடல் சூழ்ந்த சிறு தீவில் முழு வண்டியை நெடுநாள் மறைத்தல் அரிது. உறுப்புக்களாகப் பிரித்தால் எளிது. இதனினும் கொடிது பின்னர் வந்தது. சாவியை வண்டியோடு விட்டுச் சென்றால் இன்ஷூரன்ஸ் செல்லாது என ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தது. மூன்று மாதச் சேமிப்பை அவர் அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினர்.

ஆகவே இவ்விடயத்தின் உயிர்நிலை சாவியே. டயரின் மேல், பம்பரின் உட்புறம், பெட்ரோல் மூடியின் பின், அருகிலுள்ள கல்லின் கீழ் என மறைவிடம் என்று நாம் எண்ணுவன அனைத்தும் நமக்கு முன் ஆயிரம் பேர் எண்ணியவையே. மேலும், மறைக்கும்போது நம்மை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால் மறைவிடம் எத்துணைச் சிறந்ததாயினும் பயன் யாது? சாவி மூழ்குவோனுடனேயே மூழ்குதல் வேண்டும். பொத்தானும் பாட்டரியும் இல்லாத வெறும் உலோகச் சாவியாயின் இதில் இடரொன்றுமில்லை. உறுதியான கயிற்றில் கோத்து, காற்றுச் சட்டையின் பூட்டுள்ள பைக்குள் வளையத்தோடு மாட்டிவிடலாம். கரையேறியதும் நன்னீரில் அலசினாற் போதும்.

இக்காலத்துச் சாவிகளிற் பலவோ மின்கருவிகள். உப்புநீர் உட்புகுந்தால் அவற்றின் பாட்டரியும் நுண்சுற்றும் அரிக்கப்பட்டு விரைவில் கெடும். பலர் 'நீர் புகாப் பை' என விற்கும் மெல்லிய பைகளை நம்பி ஏமாறுவர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகின்றது. பொனேரில் 1984-இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்னும் கப்பல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றது; அதனைக் காணச் செல்வோனுடைய பை, கரையிலுள்ளதைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்கவேண்டும். (அக்கப்பலும் கள்ளக் கஞ்சா ஏற்றி வந்து பிடிபட்டதே என்பது வேறு கதை.) ரப்பர் வளையமிட்டு, குறித்த ஆழத்துக்குச் சோதிக்கப்பெற்ற கெட்டிப் பெட்டியே தக்கது. அதனையும் முதன்முறை வெறுமையாகவே கொண்டு சென்று, உள்ளே ஈரம் உண்டா எனப் பார்த்தபின் சாவியை இடுதல் அறிவுடைமை. எண்பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டியில் சாவியை வைத்து, வண்டியின் இழுகொக்கியில் தொங்கவிடுவோரும் உளர். மறைவிடத்தினும் இது மேலானதே; எனினும் நெம்புகோலுக்கு முன் அது எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை யோசிக்க வேண்டும். மேலும், சாவி அருகில் வந்த அளவிலேயே தானாகத் திறக்கும் வண்டியாயின், இப்பெட்டி அவ்வண்டிக்குத் தன் சாவியைத் தானே காட்டிக்கொடுத்ததாகும்.

இன்னொரு வழியும் உண்டு. பல வண்டிகளின் சாவித் தலையில் பாட்டரியின்றி இயங்கும் சிறு சில்லொன்று பதிந்திருக்கும். சாவியைத் துளையில் இட்டுத் திருகும்போது துளையைச் சூழ்ந்த கம்பிச்சுருள் அச்சில்லுக்கு மின்னாற்றல் ஊட்ட, சில்லு தன் குறியீட்டைச் சொல்லும்; குறியீடு பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. இதனை இம்மொபிலைசர் என்பர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இதன் பயன் இருவகைத்து. சில்லுள்ள வண்டியைக் கம்பிகளை இணைத்து ஓட்டிச் செல்லுதல் கடினம். மற்றொன்று, சில்லில்லாத சாவிப் படி ஒன்றை வெட்டுவித்தால் அது கதவைத் திறக்கும், எஞ்சினை இயக்காது. அப்படியை உடன்கொண்டு மூழ்கிவிட்டு, மூலச் சாவியைத் தங்கும் விடுதியில் வைத்தற்கு இயலுமோ எனின், இயலாது. வண்டியை அங்கிருந்து ஓட்டிவரவேண்டுமன்றோ! ஆதலின் விடுதியை அடுத்த கரையில் மூழ்கும் நாட்களில் மட்டுமே இம்முறை உதவும்.

சில்லில்லாப் பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங் சக்கரத்தில் குறுக்கே மாட்டும் இரும்புப் பூட்டு நன்று. அதனை அறுக்க இயலாது என்பதற்கன்று. அறுக்க நேரமாகும் என்பதும், கண்ணாடி வழியே பார்த்த அளவிலேயே அது தெரியும் என்பதுமே அதன் ஆற்றல். அவசரமுள்ள திருடன் பூட்டில்லாத அடுத்த வண்டியைத் தேடுவான். அயலானுடைய வண்டியை நோக்கித் திருடனை அனுப்புதல் அறமாமோ என்று என் அறைத்தோழர் வினவினர். விடையிறுக்க இயலாமல் விழித்தேன்.

இனி, பொனேருக்குச் செல்வோர் கேட்டு வியக்கும் ஓர் அறிவுரையைக் கூறுவல். 'வண்டியில் ஒன்றும் வைக்காதீர், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், கதவைப் பூட்டாதீர்' என்று அங்குள்ளோர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். முதற்கேள்வியில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் பூட்டிய கதவு, உள்ளே ஏதோ இருக்கின்றதென்று சொல்லுகின்றது. ஒன்றுமில்லாத வண்டியின் கண்ணாடி உடைபட்டால் நட்டம் உரியவனுக்கே. வெறுமையைத் திறந்து காட்டினால் திருடன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இவ்வுரை வண்டிக்குள் உள்ள பொருளைப் பற்றியது. வண்டியையே கொண்டு போகும் களவுக்கு இது மருந்தன்று. பூட்டாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா இல்லையா என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே வாயாற் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். பாஸ்போர்ட்டும், பெரும்பணமும், விமானச் சீட்டும் விடுதியின் இரும்புப் பெட்டியில் உறங்கட்டும். பழைய செருப்பு, பழைய துண்டு, ஒரு தண்ணீர்க் குப்பி இவையே வண்டிக்குரிய செல்வம்.

கைப்பேசியைப் பற்றி மட்டும் இவ்வாறு எளிதிற் கூறல் இயலாது. மூழ்கி எழுந்தவனுக்கு மூச்சுத் திணறலோ, மூட்டு வலியோ, உணர்விழப்போ நேர்ந்தால் உதவியை அழைக்கக் கருவி வேண்டும். விலைமிக்கதை விடுதியில் வைத்துவிட்டு, விலைகுறைந்த பழைய பேசியொன்றைக் கெட்டிப் பெட்டியில் இட்டு உடன் கொண்டு செல்வதே நான் கேட்டவற்றுள் சிறந்தது. வண்டி நினைவே மனத்தை அலைக்கழிக்குமாயின் அன்று மூழ்காதிருத்தல் நலம். மேலெழுமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்றல் மூழ்குவோர் மரபு. கரையில் ஏதோ ஒலி கேட்டதென அந்நிற்றலை விடுத்து விரைந்து எழுவோன், வண்டியைக் காக்கப் போய்த் தன் உடலை இடருக்கு உள்ளாக்குகின்றான். 'ஆயிரம் படி' எனப் பெயரிய இடத்தில் இக்கவலை மிகுதி. உண்மையில் படிகள் நூற்றுக்கும் குறைவே. சிலிண்டரைச் சுமந்து ஏறுவோனுக்கு ஆயிரமாகத் தோன்றுதலால் அப்பெயராம். வண்டி மேலே சாலையோரம் நிற்க, கடல் கீழே கிடத்தலின் நீரிலிருந்து வண்டி தெரியாது.

எல்லாவற்றினும் மேலான பூட்டு ஓர் ஆள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் தம் கயிற்றைப் பிடிக்க நம்பிக்கைக்குரியவனைத் தோணியில் நிறுத்தியே குதித்தனர். நால்வர் சேர்ந்து சென்றால் இருவர் மூழ்க இருவர் கரையில் இருக்கலாம்; பிறகு மாற்றிக்கொள்ளலாம். விடுமுறையிற் பாதி கரையிலேயே கழிகின்றதே என முணுமுணுப்போர் உளர். நிழலில் அமர்ந்து பூநாரைகளைப் பார்ப்பதும் விடுமுறைதானே!

ஒன்று சொல்லாது விடல் முறையன்று. சிறிய தந்தையாரின் கதையைக் கேட்டவர் பலர் 'அத்தீவார் கள்வர்' என்று முடிவு கட்டினர். அவரோ அவ்வாறு ஒருகாலும் சொல்லிலர். பிளாஸ்டிக் தாளை விரித்த மூதாட்டியைப் பற்றியே மிகுதியும் பேசுவர். உணவு முதல் ஆணி வரை பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் தீவில் விலைவாசி கடுமை; அவ்விடத்தில் ஒருவாரம் தங்குவோன் விலைமிக்க கருவிகளை வெட்டவெளியில் பரப்பிவிட்டு ஒருமணி நேரம் மறைகின்றான். களவை இது நேர்மையாக்காது. ஆயினும் எங்ஙனம் விளைகின்றது என்பதை விளக்கும்.

களவு நேர்ந்துவிட்டால் முதலில் செய்யத்தக்கது, அங்குள்ள கரீபியன் நெதர்லாந்து போலீஸ் படையினரிடம் முறையீடு எழுதுவித்து, அதன் படியைக் கையில் வாங்குதல். அக்காகிதமின்றி இன்ஷூரன்ஸ் கேட்டல் வீண். வண்டி எண், சிலிண்டர்களின் எண், காற்றளவுக் கருவியின் எண் ஆகியவற்றை முன்னரே ஒரு தாளில் எழுதி விடுதியில் வைத்திருந்தால் முறையீடு விரைவில் முடியும். சிறிய தந்தையார்க்கு வண்டியின் நிறம் மட்டுமே நினைவிருந்தது. அத்தீவில் வாடகை வண்டிகளிற் பெரும்பகுதி அந்நிறமே.

அவர் மறுபடியும் ஒருமுறை பொனேருக்குச் சென்றனர். இம்முறை வாடகைக்காரரிடம் விலை பேசுமுன் மூன்று வினாக்களை விடுத்தனர்: சாவியில் சில்லுண்டா? பொத்தானில்லாத சாவி கிடைக்குமா? ஸ்டியரிங் பூட்டு உடன் தருவீரா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை ஒரே வண்டிக்குத்தான் கிடைத்தது. பக்கமெல்லாம் நசுங்கிய பழைய பிக்கப். வலப்புறக் கண்ணாடி இறங்கியது இறங்கியபடியே, ஏறாது. அதனையே மகிழ்ந்து வாங்கிக்கொண்டனராம்.