புல்தரையில் மழை லில்லியா? கொல்ல வேண்டாம், பெயர்த்து நடுங்கள்!

கோடை மழை பெய்த சில நாட்களில் புல்தரை நடுவே வெள்ளை, இளஞ்சிவப்புப் பூக்கள் தலைகாட்டும். இதுதான் மழை லில்லி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடி வரப்போரத்தில் அழகு, புல்தரையில் தொல்லை. ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு போன்ற பகுதிகளில் பண்ணை வீடு, பள்ளி வளாகங்களின் புல்தரையைப் பராமரிக்கும் விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இதன் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு உண்டு. பார்வைக்குச் சின்ன வெங்காயம் போலிருக்கும். வெங்காய வாசனை இருக்காது. தோண்டிய கிழங்கைக் குழந்தைகள், கால்நடைகள் பக்கம் போடக் கூடாது.

களைக்கொல்லி இதற்குத் தீர்வல்ல. அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி மருந்துக்கு இது எளிதில் சாகாது. கிளைபோசேட் தெளித்தால் புல்லும் கருகும். அந்த மருந்தை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவிட்டது.

புல் வளர்ந்து மண்டிக் கிடந்தால், உடனே வெட்டிவிடாதீர்கள். வெட்டிவிட்டால் லில்லி இலை எது, புல் எது என்று தெரியாது. பூத்திருக்கும்போதே ஒவ்வொரு குத்துக்கும் அருகே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தண்டு முக்கோணமாக இருந்தால் அது கோரை, லில்லி அல்ல. வாடிய பூக்களை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால், கருப்பு விதைகள் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

மழை விட்டு மண் பதமாக இருக்கும் நாளில் தோண்டுங்கள். குத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு பெயர்த்தெடுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். பெயர்த்த மண்ணைச் சல்லடையில் சலித்தால் பக்கக் கிழங்குகளும் கிடைக்கும். அவற்றில் ஒன்று தப்பினாலும் அடுத்த மழைக்கு முளைக்கும். எனவே, அடுத்த மழைக்குப் பிறகும் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள்.

குழியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பி, ஓரத்துப் புல்லிலிருந்து வேரோடு எடுத்த துண்டுகளை நடுங்கள். மண்டிய புல்லை ஒரே தடவையில் மொட்டையடிக்காமல், ஒவ்வொரு முறையும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள்.

எடுத்த கிழங்குகளை நடைபாதை ஓரம், வேலியோரம் போன்ற இடங்களில் 5 செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. இடைவெளியில் நட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம். பாத்தி ஓரத்தில் செங்கல் பதித்தால், கிழங்கு மீண்டும் புல்லுக்குள் பரவுவது குறையும். மிஞ்சியதைத் தொட்டியில் வளர்த்து நர்சரிக்குக் கொடுக்கலாம். ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அங்கேயும் வேர்பிடித்துப் பரவும்.