வட்டாரம்சார் எண் வடிவமைப்பு

வட்டாரம்சார் எண் வடிவமைப்பு என்பது, கணினி நிரலில் உள்ள ஒரு முழு எண்ணை, அதைப் படிப்பவரின் மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற உரையாக மாற்றும் முறையாகும். நினைவகத்தில் எண் இரும வடிவில் இருக்கிறது. அதில் காற்புள்ளி கிடையாது. திரையில் காட்டும்போதுதான் எந்த இடத்தில் எந்தக் குறியை இடுவது என்ற கேள்வி எழுகிறது.

இலக்கங்களைப் பிரித்தல்

இந்தியாவில் வலப்புறமிருந்து முதலில் மூன்று இலக்கங்களும், பிறகு இரண்டிரண்டு இலக்கங்களும் பிரிக்கப்படுகின்றன. ஆகவே 12345678 என்பது 1,23,45,678 ஆகும். கோடி, இலட்சம், ஆயிரம் என்று வாய்விட்டுப் படிக்க இது உதவுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே எண் 12,345,678 என மும்மூன்றாகப் பிரிக்கப்படும். செருமனியில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி இட்டு 12.345.678 என எழுதுவர்.

எனவே மொழி 'தமிழ்' என்று குறித்தால் மட்டும் போதாது. நாட்டையும் குறிக்க வேண்டும். ஒருங்குறிச் சேர்த்தியம் பராமரிக்கும் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் இந்தியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் வெவ்வேறு எண் வடிவங்கள் தரப்பட்டுள்ளன.

நிரல்மொழிகளில்

சி ஷார்ப் மொழியில் இலக்கக் குழுக்களின் அளவை 3, 2 என்று வரிசையாகக் கொடுக்கலாம். கடைசி அளவு எஞ்சிய இலக்கங்களுக்கும் தொடரும். ஜாவாவின் வழக்கமான பதின்ம வடிவமைப்பு வகுப்போ ஒரே ஒரு குழு அளவைத்தான் ஏற்கும். அதனால் இந்திய முறைக்குத் தனி நூலகம் தேவைப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ள பன்னாட்டாக்க வசதி வட்டாரத்தைக் குறித்தாலே இந்திய முறையில் பிரித்துத் தரும்.

தமிழ் எண்கள்

௧ முதல் ௯ வரையான எண்களுடன் ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) ஆகியவையும் ஒருங்குறியில் உள்ளன. மரபு முறையில் 2345 என்பது ௨௲௩௱௪௰௫ ஆகும். சுழியைச் சேர்த்து இடமதிப்பு முறையில் எழுதினால் ௨௩௪௫. முதல் முறைக்கு இலக்கத்துக்கு இலக்கம் மாற்றினால் போதாது. தனி விதிமுறை வேண்டும்.

காட்டுவதும் சேமிப்பதும்

'1.500' என்ற உரை செருமானிய அமைப்பில் ஆயிரத்து ஐந்நூறு. இந்திய அமைப்பில் ஒன்றரை. ஒரு கணினி எழுதியதை வேறு அமைப்புள்ள கணினி படித்தால், பிழைச்செய்தி ஏதுமின்றித் தொகை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கோப்பிலும் தரவுத்தளத்திலும் எண்ணை வட்டாரம் சாராத பொது வடிவில் சேமித்து, பயனருக்குக் காட்டும் கட்டத்தில் மட்டும் வட்டார வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.